குருதிக் கட்டி: காரணமா, விளைவா?

மாரடைப்பு என்ற சொல்லிலேயே அடைப்பு இருக்கிறது. ஆயினும் அடைப்பது எது என்பதில் மருத்துவ உலகம் 1980ஆம் ஆண்டு வரை ஒருமனப்படவில்லை என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

1912இல் சிக்காகோ வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக், இதயத்துக்குக் குருதி வழங்கும் முடியுரு நாடி திடீரென உறைகட்டியால் அடைபட்டாலும் நோயாளி அக்கணமே இறக்கவேண்டும் என்பதில்லை என்று எழுதினார். சபையில் அதை வாசித்தபோது எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஈ.சி.ஜி. பதிவுகளின் துணை கிடைத்த பிறகே அக்கருத்து வேரூன்றியது.

எழுபதுகளில் அதுவும் ஆட்டங்கண்டது. மாரடைப்பால் இறந்தோரின் சடலங்களைச் சோதித்த நோயியலாளர்கள் பலரில் கட்டியைக் காணவில்லை. இதயத்தசை இறந்தபின், ஓட்டம் மந்தமான நாடியில் உறைவதே கட்டி. அது விளைவேயன்றிக் காரணமன்று என்றனர் சிலர். இது வெறும் பண்டிதர் வாதமன்று. கட்டி விளைவாயின் அதைக் கரைத்துப் பயனில்லை. கரைக்கும் மருந்தோ கைவசம் இருந்தது! ஒருவகைப் பற்றீரியா உறைந்த குருதியைக் கரைப்பதை வில்லியம் டில்லெற் 1933இலேயே கண்டிருந்தார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் அதன் வழி வந்ததே.

இறந்தவரிடம் தேடிய விடையை உயிருள்ளவரிடம் தேடியவர் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரைச் சேர்ந்த மார்கஸ் டிவூட். மாரடைப்பு வந்த நோயாளியின் நாடிக்குள் அந்த வேளையிலேயே சாயம் செலுத்திப் படம்பிடிப்பது ஆபத்து என்று பலரும் அஞ்சிய காலம் அது. அவர் குழுவினர் துணிந்தனர். நோய் தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்ட 126 பேரில் 110 பேருக்கு நாடி முற்றாக அடைபட்டிருந்தது. 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்டோரில் இது 65 வீதமே. கட்டி முன்னரே வந்துவிடுகிறது; நேரம் செல்லச் சிலரில் தானே கரைகிறது. சடலங்களில் அது அகப்படாததற்கு ஒரு காரணம் இதுவே.

நாடிச்சுவரில் கொழுப்பு பல்லாண்டுகளாகப் படிகிறது. ஒருநாள் அப்படிவின் மேல்மூடி கிழிகிறது. குருதியோ அதை வெட்டுக்காயம்போலக் கொண்டு, அடைக்க ஓடிவருகிறது. உயிர்காக்கும் இயல்பே உயிருக்கு உலையாகிறது.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு 17,187 நோயாளரை உட்படுத்தியது. ஸ்ட்ரெப்டோகைனேசும் அஸ்பிரினும் பெறாதோரில் 13.2 வீதமானோர் ஐந்து வாரங்களுக்குள் இதய, குருதிக்குழாய்க் காரணங்களால் இறந்தனர். இரண்டையும் பெற்றோரில் 8 வீதமானோரே இறந்தனர். அந்த அஸ்பிரின், தலையிடிக்குப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் அதே மருந்துதான்.