கத்தி போச்சு, ஊசி வந்தது!

கல்லீரல் புற்றுநோய் என்றாலே ஒரு காலத்தில் டாக்டர்கள் மாதக் கணக்கில்தான் நாள் குறிப்பார்கள். வயிறு வீங்கி, உடம்பு இளைத்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் கட்டி கைமீறி வளர்ந்திருக்கும். 1980களில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பரவிய பிறகுதான் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவிலேயே கட்டியைப் பார்க்க முடிந்தது.

ஆனால் பார்த்து என்ன பயன்? இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் வருவது சிரோசிஸ் நோயால் தழும்பேறிப் போன கல்லீரலில். கட்டியோடு சேர்த்து ஒரு பகுதியை வெட்டி எடுத்தால், மிச்சமிருக்கும் ஈரல் உடம்பைத் தாங்காது. அதனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தும் பலருக்கு ஆபரேஷன் செய்ய முடியவில்லை.

இதற்கு ஜப்பானின் சிபா பல்கலைக்கழக டாக்டர்கள் 1983 வாக்கில் ஒரு எளிய வழி கண்டார்கள். ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைத் தோல் வழியாகக் கட்டிக்குள் செலுத்தி, சுத்தமான ஆல்கஹாலை ஏற்றினார்கள். ஆல்கஹால் செல்களின் நீரை உறிஞ்சிக் கொன்றுவிடும். சுற்றியுள்ள ஈரல் தழும்பேறி இறுகியிருப்பதால் மருந்து கட்டியை விட்டு அதிகம் வெளியே பரவாது. நோயின் கெடுதலே சிகிச்சைக்கு உதவியது!

இத்தாலியில் டிட்டோ லிவ்ராகி இதே முறையைப் பரப்பினார். 1995இல் அவர் குழு 746 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. ஈரல் ஓரளவு நன்றாக இயங்கி, 5 செ.மீ.க்கு மிகாத ஒரே கட்டி இருந்தவர்களில் 47 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகள் கடந்தும் உயிரோடு இருந்தார்கள்.

அடுத்து வந்தது மின்சாரம். அதிவேக மாறுமின்னோட்டம் தசையைத் துடிக்க வைக்காமலே உடலைச் சூடாக்கும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி தார்சொன்வால் 1891லேயே காட்டியிருந்தார். நூறு ஆண்டுகள் கழித்து, அதே தத்துவத்தில் ஊசி முனையால் கட்டியைச் சுட்டுப் பொசுக்கும் 'ரேடியோ அலை' சிகிச்சை பிறந்தது. 2005இல் டோக்கியோவில் 232 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். நான்கு ஆண்டுகள் பிழைத்தவர்கள் ஆல்கஹாலில் 57 சதவீதம், ரேடியோ அலையில் 74 சதவீதம்.

அப்படியானால் கத்தியே வேண்டாமா? 2006இல் சீனாவில் 180 பேரிடம் நடந்த ஆய்வில் ஊசியும் கத்தியும் ஏறக்குறைய சமமாக நின்றன. 2010இல் அதே நாட்டில் 230 பேரிடம் நடந்த ஆய்விலோ கத்திதான் ஜெயித்தது. கட்டி சிறியதாக இருக்கும்வரைதான் ஊசி சமபலம் காட்டும் என்பது மெல்லப் புரிந்தது.

உண்மையான பாடம் 2012இல் வந்தது. டோக்கியோ பல்கலைக்கழகம் ரேடியோ அலை சிகிச்சை பெற்ற 1,170 பேரின் பத்தாண்டுக் கணக்கை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளில் 60.2 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள். பத்து ஆண்டுகளில் அது 27.3 சதவீதம்தான். ஊசி தோற்றுவிட்டதா? இல்லை. சுட்ட இடத்திலேயே கட்டி மறுபடி வளர்ந்தது வெறும் 3.2 சதவீதம்! ஆனால் கல்லீரலின் வேறு இடங்களில் புதுக்கட்டி முளைத்தது 80.8 சதவீதம்.

களையைப் பிடுங்கியாயிற்று, நிலமெல்லாம் விதை கிடக்கிறது. அந்த விதை ஜப்பானில் பெரும்பாலும் ஹெபடைடிஸ் சி வைரஸ். அது 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. கண்டறிந்தவர்களுக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. 2013 முதல் வந்த புது மாத்திரைகள் சில மாதங்களிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வைரஸை ஒழிக்கின்றன. ஆனாலும் ஏறிய தழும்பு எளிதில் மறைவதில்லை. அதனால்தான் கட்டி போன பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள்.

ஊசி கட்டியைத்தான் கொல்லும். ஆளைப் பல ஆண்டுகள் வாழ வைக்க, ஈரலையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.