தடங்கலுக்கு வருந்துகிறோம்: 404 முதல் டைனோசர் வரை

போன மாசம் பாப்பிரெட்டிப்பட்டியிலேர்ந்து அப்பா போன். சென்னைக்கு வர்றதுக்கு ஆன்லைன்ல பஸ் டிக்கெட் போட்டிருக்கார். பணம் கட்டுற இடத்துல ஒரு பொம்மை வந்து கண்ணைக் கசக்கிக்கிட்டு "அச்சச்சோ, சொதப்பிட்டோம்!"னு சொல்லிச்சாம். "பொம்மை கிடக்கட்டும்டா, என் 900 ரூபா போச்சா இருக்கா? அதைச் சொல்லலையே"ன்னார்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா அதுக்கு முந்தின வாரம்தான் ஆபீஸ்ல ஒரு கிளையண்ட்டுக்கு அதே மாதிரி பக்கம் ஒண்ணு பண்ணி (பஞ்சரான மொபெட், பக்கத்துல தலையைச் சொறியிற ஆளு) டீம் பூரா கைதட்டு வாங்கியிருந்தேன். அந்த உறுத்தல்ல, ஆணியெல்லாம் ஓரங்கட்டிட்டு, இந்தப் பிழைப்பக்கங்களோட சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒரு கட்டுக்கதையை ஒழிச்சிடுவோம். ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துல 404-ஆம் நம்பர் அறையிலதான் முதல் சர்வர் இருந்துச்சு, அதனாலதான் 404னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. டிம் பெர்னர்ஸ்-லீகூட வேலை பார்த்த ராபர்ட் காய்லியோவே அதைக் கட்டுக்கதைன்னு சொல்லிட்டார்.

நிஜக்கதை இன்னும் சுவாரஸ்யம். 1991ல வந்த முதல் எச்.டி.டி.பி.யில நம்பரே கிடையாது. தப்பு நடந்தா, மனுஷன் படிச்சுப் புரிஞ்சுக்கற மாதிரி சாதாரண வாக்கியத்துல எழுதி அனுப்பணும், அவ்ளோதான். 1992ல தான் எஃப்.டி.பி. பாணியில மூணு இலக்க எண்கள் வந்துச்சு. 1996 மே மாசம் ஆர்.எஃப்.சி. 1945ங்கற ஆவணத்துல முறையா பதிவாச்சு. 4ல ஆரம்பிச்சா கேட்டவன் மேல தப்பு, 5ல ஆரம்பிச்சா சர்வர் மேல தப்பு. கடைக்காரர் கடையையே காலி பண்ணிட்டுப் போயிருந்தாலும், கதவைத் தட்டின உன் மேலதான் தப்புங்கறது 404. நல்ல நியாயம்!

ஆனா 404 இல்லாம வலையே இல்ல. டெட் நெல்சன் 1960லயே ஜனாடுன்னு ஒரு திட்டம் கனவு கண்டார். அதுல சுட்டிகள் ரெண்டு பக்கமும் பேசும், அறுந்தே போகாது. பெர்னர்ஸ்-லீ அந்த வம்புக்கே போகல. யார் வேணா யாருக்கு வேணா அனுமதி கேட்காம சுட்டி கொடுக்கலாம், அந்தப் பக்கம் செத்தா செத்ததுதான். ஜனாடு தள்ளாடிக்கிட்டே கிடந்துச்சு, வலை உலகத்தையே வளைச்சுச்சு. அதுக்குக் குடுத்த விலைதான் 404.

விளையாட்டு எங்க ஆரம்பிச்சுச்சுன்னு ஒரு தேதி சொல்ல முடியாது. ஆனா இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 பண்ண கூத்தைச் சொல்லியே ஆகணும். நீங்க அனுப்புற 404 பக்கம் ரொம்பச் சின்னதா, சுமார் 512 பைட்டுக்குக் கீழ இருந்தா, அதைத் தூக்கிப் போட்டுட்டு மைக்ரோசாஃப்ட்டோட வெளிறிப்போன பக்கத்தைக் காட்டும். நம்ம பக்கம் தெரியணும்னா எதையாவது போட்டு ரொப்பியே ஆகணும்!

அப்புறம் ட்விட்டர் திமிங்கலம். சிட்னியில இருந்த யியிங் லூங்கற ஓவியர், தூரத்துல இருந்த நண்பருக்குப் பிறந்தநாள் வாழ்த்தா வரைஞ்சது அது. ட்விட்டர் அதைப் படத்தளத்துல வாங்கி, சர்வர் திணறும்போதெல்லாம் காட்டுச்சு. சின்னச் சின்னப் பறவைங்க ஒரு திமிங்கலத்தைத் தூக்கிட்டுப் போற படம். ஜனங்க அதுக்கு ரசிகர் மன்றமே வெச்சாங்க. ஆனா 2013ல அதை எடுத்துட்டாங்க. அடிக்கடி தெரியற திமிங்கலம் கம்பெனிக்கு அவமானம்தானே?

2014ல குரோம் டைனோசர் வந்துச்சு. நெட் இல்லன்னா கற்காலத்துக்கும் முந்தி போயிட்டோம்ங்கறதுதான் ஜோக். 2018ல கூகுள் சொன்ன கணக்குப்படி மாசம் சுமார் 27 கோடி ஆட்டம். அதிகமா ஆடுறது நெட் சரியில்லாத, இல்ல நெட்டுக்கு விலை ஜாஸ்தியான நாடுகள்ல. அந்தப் பட்டியல்ல முதல் பேரே இந்தியா. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். அவர் ஒரே வார்த்தையில முடிச்சார்: "தூர்தர்ஷன்." 1975 ஆகஸ்ட் 15ல தொடங்குன சென்னைத் தொலைக்காட்சியில ஒளிபரப்பு நின்னா ஒரு அட்டை வரும்: தடங்கலுக்கு வருந்துகிறோம். படமும் இல்ல, ஜோக்கும் இல்ல. ஆனா தப்பு எங்க மேலன்னு ஒத்துக்கிச்சு. அதுவும் எப்ப சரியாகும்னு சொல்லலைங்கறது வேற விஷயம். பெருசுங்க அதை வெச்சே அரை மணி நேரம் நையாண்டி பண்ணுவாங்களாம்.

என் கட்சி இதுதான்: பக்கம் காணோம்னா மொபெட் வரட்டும், யாருக்கும் எதுவும் போகல. காசு மாட்டிக்கிட்ட இடத்துல பொம்மைக்கு என்ன வேலை? 2019 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கு. கார்டுலயோ யு.பி.ஐ.லயோ ஆன்லைன்ல வாங்கும்போது கணக்குல கழிஞ்சு கடைக்காரருக்குப் போய்ச் சேரலன்னா, பரிவர்த்தனை நாளுக்கு அப்புறம் 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா நாளொண்ணுக்கு 100 ரூபா இழப்பீடு. இந்த ஒரு வரி அந்தப் பொம்மைக்குப் பதிலா இருந்திருந்தா அப்பா எனக்கு போனே பண்ணியிருக்க மாட்டார்.

பணம் நாலாம் நாள் திரும்பி வந்துடுச்சு. நான் கிளையண்ட்கிட்ட மல்லுக்கட்டி, மொபெட்டை 404க்குத் தள்ளிட்டு, பணம் கட்டுற பக்கத்துல மூணே வரி வெச்சேன்: பணம் எங்க இருக்கு, எப்ப வரும், யாருக்கு போன் பண்ணணும். அப்பாவுக்கு அனுப்பிக் காட்டினேன். "மேல 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'னு ஒரு வரி சேத்துக்கடா"ன்னார்.

சேத்துட்டேன்.