லினக்சில் பொயிங்க்: சிக்கல்களும் தீர்வுகளும்

பொயிங்க் என்பது தன்னார்வலர்களின் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தை அறிவியல் ஆய்வுக்குப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஆகும். இது பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் உருவாக்கப்பட்டு 2002 இல் வெளியானது. 1999 இல் தொடங்கப்பட்ட செட்டி அட் ஹோம் திட்டம் 2020 மார்ச்சு 31 அன்று புதிய பணிகள் அனுப்புவதை நிறுத்தியது. 2005 இல் தொடங்கிய ஐன்ஸ்டைன் அட் ஹோம் துடிவிண்மீன்களைத் தேடுகிறது.

இணைப்புச் சிக்கல்

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் கணிக்கும் நிரல் பொயிங்க் என்னும் தனிப் பயனர் கணக்கில் பின்னணியில் இயங்குகிறது. மேலாளர் சாளரம் 31416 ஆம் போர்ட் வழியாக அதனுடன் பேசுகிறது. கடவுச்சொல் கோப்பைப் படிக்க உரிமை இல்லையெனில் இணைப்பு கிடைக்காது. பயனரைப் பொயிங்க் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் இது பெரும்பாலும் தீரும்.

பணி வராமை

வட்டு இட வரம்பு, திட்டத்திடம் பணி இல்லாமை ஆகியவை பொதுவான காரணங்கள். பழைய கணினியில் தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்து நாள் தவறினால், பாதுகாப்புச் சான்றிதழ் ஏற்கப்படாமல் தொடர்பு முறியும். நிகழ்வுப் பதிவேட்டை முதலில் படிக்க வேண்டும்.

மின்தடை

பெரும்பாலான நிரல்கள் இடைநிலையை அவ்வப்போது வட்டில் சேமிப்பதால், மின்சாரம் வந்ததும் கணிப்பு அங்கிருந்தே தொடரும். தரவு அடைவை அழித்து மீண்டும் நிறுவினால் முடியாத பணிகள் அனைத்தும் இழக்கப்படும். கெடு முடிந்த பின்னரே வழங்கி அவற்றை வேறொருவருக்கு அனுப்பும். அதுவரை ஆய்வும் காத்திருக்கும். ஆகவே மறுநிறுவல் இறுதி வழியாகவே இருக்க வேண்டும்.