'ஹெக்கிள்': ஒரு சொல்லும் அதன் சமூகப் பின்னணியும்

பொதுக்கூட்டத்திற் பேச்சாளரை இடைமறித்துக் குரலெழுப்புவதை ஆங்கிலத்தில் 'ஹெக்கிள்' என்பர். இன்று அச்சொல் பெரும்பாலும் இழிபொருளிலேயே வழங்குகின்றது. கூட்டத்தைக் குழப்புவோன், பண்பற்றவன் என்ற எண்ணத்தையே அது எழுப்புகின்றது. ஆயின் அது அரசியலுக்குள் நுழைந்த வழியை நோக்குமிடத்து, குழப்பத்தின் பெயராக அன்றிக் கேள்வியின் பெயராகவே நுழைந்தது என்பது புலனாகும்.

ஹெக்கிள் என்பது முதலில் ஒரு தொழிற்கருவி. லினன் துணிக்கு நார் தருவது ஆளிச் செடி. அதன் தண்டை ஊறவைத்து உலர்த்தி நசுக்கியபின், கிடைக்கும் நாரைப் பலகையில் நெருக்கமாகப் பதித்த கூரிய இரும்பு முட்களினூடாக இழுப்பர். குட்டை நாரும் சக்கையும் முள்ளிற் சிக்கிக்கொள்ள, நீண்ட நாரே நூற்பதற்கு எஞ்சும். வலிந்து இழுத்தால் நல்ல நாரும் அறும். எனவே இது கைத்தேர்ச்சி வேண்டிய தொழில். கவிஞர் றொபேட் பேண்ஸ் 1781இல் ஏர்வின் நகருக்குச் சென்றது இத்தொழிலைப் பயிலவே.

நார் வாரும் செயல் சொல்லால் வாட்டும் செயலுக்கு உவமையானது ஆங்கிலத்தில் மட்டுமன்று. ஒல்லாந்த மொழியில் இதே வேரினின்று பிறந்த 'ஹேக்கலன்' கண்டித்தலையும் எள்ளலையும் குறிக்கும். ஜேர்மன் மொழியிலும் ஒருவரைப் பிறர் வாயிலிட்டு அலசுவதற்கு இவ்வேர்ச்சொல் உண்டு. பிறரைச் சீண்டுதலைச் சுட்டும் 'டீஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஆதியிற் கம்பளியையும் நாரையும் பிரித்தெடுத்தலையே குறித்தது. தேங்காய் துருவுவதையும் துருவித் துருவிக் கேட்பதையும் ஒரே வினையாற் சொல்லும் நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை.

எனவே இப்பொருள் முழுவதும் டண்டீ நகரத் தொழிலாளரிடமே பிறந்தது என்று பலர் எழுதுவதை அப்படியே ஏற்றுக்கொள்ளல் இயலாது. எனினும் அக்கதையை முற்றாகத் தள்ளவும் இயலாது. ஸ்கொட்லாந்தின் ஆளித் தொழில் மையமான டண்டீயில் நார் வாருவோர் சங்கம் அமைத்து, கூலிக்காகப் போராடி, முதலாளிகளை அஞ்சவைத்த பிரிவினர். பட்டறையில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, ஏனையோர் வேலை செய்தவாறே குறுக்கிட்டு வாதிடுவர் எனக் கூறப்படுகிறது. பின்னர் இயந்திரம் அவர்கள் கைவேலையை விழுங்கியது. நகரமும் வங்காளத்துச் சணலுக்கு மாறியது. சொல் மட்டும் நிலைத்தது.

19ஆம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்தில் 'ஹெக்கிளிங்' என்றால், தேர்தல் வேட்பாளரை மக்கள் முன்னிலையில் நிறுத்தி அவர் கொள்கையின் பலவீனம் வெளிப்படும்வரை வினாவுதல். 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முன் அந்நாட்டில் வாக்காளர் ஏறத்தாழ 4,500 பேரே. அதன்பின் ஏறத்தாழ 65,000 பேர். தொழிலாளரிற் பெரும்பாலார் அப்போதும் புறத்தேயே நின்றனர். வாக்கு இல்லாதவனுக்கும் வாய் இருந்தது. வேட்பாளனிடம் கணக்குக் கேட்க அவனுக்கிருந்த ஒரே உரிமை அதுவாகலாம்.

வாக்கற்ற பெண்களும் அவ்வழியையே கைக்கொண்டனர். 1905 ஒக்டோபர் 13ஆந் திகதி மன்செஸ்டரில் லிபரல் கட்சிக் கூட்டத்திற் பேசிய சேர் எட்வேட் கிரேயிடம், லிபரல் அரசு அமைந்தாற் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குமா என அனி கெனியும் கிறிஸ்ரபெல் பாங்கேர்ஸ்ற்றும் வினவினர். மறுமொழி இல்லை. மண்டபத்திலிருந்து வெளியேற்றப்பட்ட இருவரும் கைதாகித் தண்டப்பணம் செலுத்த மறுத்துச் சிறை சென்றனர். 1908இல் அதே டண்டீயில் இடைத்தேர்தல் நடந்தபோது, வின்ஸ்ரன் சேர்ச்சில் பேச வாயெடுக்கும் இடமெல்லாம் மேரி மலோனி பெரிய கைமணியொன்றை அடித்து அவர் பேச்சை அமிழ்த்தினார். இங்கு ஒலிதான் உண்டு, வினா இல்லை என்பது மெய்யே. ஆயின் வினாவுக்குச் சிறை மறுமொழியாகக் கிடைத்து இரண்டரை ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்த மணி ஒலித்தது.

சேர்ச்சில் அத்தேர்தலில் வென்றார். அவ்வாண்டின் இறுதியிற் பிரித்தானியப் பாராளுமன்றம் பொதுக்கூட்டச் சட்டத்தை இயற்றி, கூட்ட அலுவல்களைத் தடுக்கும் நோக்குடன் ஒழுங்கீனமாக நடப்பதைக் குற்றமாக்கியது. பெண்கள் ஆண்களுக்கு ஒப்பான வாக்குரிமையைப் பெற 1928 வரை காத்திருக்க நேர்ந்தது.