கோயிலும் நகரும்: கொங்கு நாட்டில் பழைமையும் புதுமையும்

குடமுழுக்கு என்பது கோயிலுக்கு மட்டும் நடைபெறும் விழா அன்று. ஊருக்கே நடைபெறும் விழா. விமானத்துக் கலசங்களின்மேல் புனித நீர் சொரியும் அந்த ஒரு நாழிகையில் ஊர் மக்கள் அனைவரும் தம் வேற்றுமைகளை மறந்து ஒரே திசை நோக்கிக் கைகுவிக்கின்றனர். ஆயினும், அந்த நாழிகைக்கு முன்னே, திருப்பணி நடைபெறும் காலமெல்லாம், அன்பர்களிடையே ஒரு வினா எழாமல் இருப்பதில்லை. ‘பழைய முறையிலேயே செய்வதா, காலத்திற்கேற்பப் புதுமுறையில் செய்வதா?’ என்பதே அவ்வினா.

இவ்வினாவில் முதியோர் ஒருபுறம், இளைஞர் மறுபுறம் என்று பிரித்துவிட இயலாது. வெயிற்காலத்தில் பிராகாரக் கல் காலைச் சுடுகிறது என்று புதுத் தரை வேண்டுவோர் முதியோரே. பழைய தூண்மேல் வண்ணம் பூச வேண்டா என்று முறையிடுவோருள் கல்லூரி மாணவர் பலர். இரு சாராரும் அன்பினாற் பேசுகின்றனர். ஆதலின் இதனை வழக்காகக் கொள்ளாது, நம் கொங்கு நாட்டு வரலாற்றை விளக்காகக் கொண்டு சிறிது ஆராய்தல் நலம்.

ஊர் அமைந்த வகை

கொங்கு நாட்டு ஊர்கள் நீரையும் கோயிலையும் இரு கண்களாகக் கொண்டு எழுந்தவை. மேலைச் சிதம்பரம் எனப் போற்றப்பெறும் பேரூரை நோக்குக. காஞ்சிமாநதி எனப்படும் நொய்யலாறு, அதன் படித்துறை, பட்டிப்பெருமான் திருக்கோயில், அதனைச் சூழ்ந்த வீதிகள் என்று ஒன்றையொன்று தழுவி அமைந்த ஊர் அது. ஆற்று நீரைத் தடுக்க அணைகள், அணையிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்கால் நிரப்பும் குளங்கள் என்று நொய்யல் நெடுகத் தொடர்ந்த நீர்நிலைகளே இவ்வூர்களை வாழ்வித்தன.

கோவை மாநகரும் இம்முறைக்கு விலக்கன்று. கோவன் என்னும் தலைவன் பெயரால் இவ்வூர் எழுந்தது என்பது செவிவழி வரலாறு. ஊரின் காவல் தெய்வமாகக் கோனியம்மன் வீற்றிருக்கின்றாள். மாசித் திருவிழாவில் அன்னையின் தேர், தேர்நிலைத் திடலிலிருந்து இராசவீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பக் கவுண்டர் வீதி எனச் சுற்றி மீண்டும் நிலையை அடைகிறது. பழைய ஊரின் உருவத்தை அறிய வரைபடம் வேண்டுவதில்லை. தேரின் பின்னே நடந்தால் போதும். தேர் திரும்ப வேண்டிய இடத்தில் வீடு விலகி நின்றது. வடம் பிடிப்போர்க்கு இடம் வேண்டுமென்று வீதி அகன்றது. மன்னர் ஆணையினும் வலிதாய் நின்று நகரை அளந்தது தேரே எனலாம்.

வீடுகளும் அவ்வாறே. நடுவே வானம் நோக்கித் திறந்த தொட்டிக்கட்டும், விருந்தினர் அமரும் ஆசாரமும், வழிப்போக்கர்க்குத் திண்ணையும் கொங்கு வீட்டின் இலக்கணம். வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே அழைக்கும் அறிவு அவற்றில் இருந்தது.

பழையன எல்லாம் நல்லனவோ?

இவ்வாறு கூறுவதனால், பழைய காலம் குறையற்ற பொற்காலம் என்று கொள்ளற்க. கருவூர்ப் பசுபதீசுவரர் திருக்கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயர் கொண்ட அரசன் வெங்கால நாட்டுக் கண்மாளர்க்கு அளித்த உரிமைகளைக் கூறுவது அது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியலாம், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பன அவ்வுரிமைகள்.

அன்பர்கள் இதனைச் சற்று நின்று எண்ண வேண்டும். அரசன் ஆணையிட்டு அளிக்க வேண்டியிருந்தது எனின், அதற்கு முன் அவ்வுரிமை இல்லை என்பதன்றோ பொருள்? கல்லும் உலோகமும் மரமும் பொன்னும் கையாண்ட கம்மியர் மரபினர்க்கே தம் வீட்டுச் சுவரில் சாந்து பூச உரிமை இல்லாதிருந்தது. ஆகவே, கட்டடக் கலை என்பது அழகு மட்டும் அன்று. யார் எவ்வாறு வாழலாம் என்னும் நீதியும் அதனுள் அடங்கும். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற ஆலயப் பிரவேசச் சட்டம் திருக்கோயில் வாயிலை எல்லார்க்கும் திறந்தது. அதுவும் புதுமையே, போற்றத்தக்க புதுமை.

கோவையின் வளர்ச்சியிலும் இவ்வுண்மை காணலாம். 1866ஆம் ஆண்டில் நகராட்சி அமைந்தது. 1888ஆம் ஆண்டில் நூற்பாலை எழுந்தது. மக்கள் திரளத் திரளப் பழைய தெருக்கள் நெருங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோயாகிய பிளேக் பன்முறை வந்து உயிர்களைக் கவர்ந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில் பழைமையின் பெருமை பேசிக்கொண்டிருக்க அப்பொழுது யாருக்கும் மனம் வரவில்லை. ஊருக்கு மேற்கே நேரிய சாலைகளும் ஒழுங்கான மனைகளும் வகுக்கப்பெற்று, நகராட்சித் தலைவராய் விளங்கிய திவான் பகதூர் இரத்தினசபாபதி முதலியார் பெயரால் இரத்தினசபாபதிபுரம் உருவாயிற்று. சிறுவாணியின் தெளிநீர் 1930ஆம் ஆண்டையொட்டி நகருக்கு வந்தது. இவை யாவும் அக்காலத்துப் புதுமைகள். இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர்.

இற்றை நாள் கருத்துகள்

நம் காலத்திலும் அவ்வினா ஓயவில்லை. 2016ஆம் ஆண்டில் சீர்மிகு நகரத் திட்டத்தின் முதற்பட்டியலிலேயே கோவை இடம்பெற்றது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் முதலியவற்றின் கரைகள் நடைபாதைகளும் விளக்குகளும் பெற்றன. மாலையில் குழந்தைகளோடு அங்கே உலவும் குடும்பத்தினர், குப்பை மேடாய்க் கிடந்த கரை பூங்காவாயிற்று என்று மகிழ்கின்றனர். இயற்கை ஆர்வலரோ, கரையைக் கற்காரையால் கட்டினால் நாணலும் பறவையும் எங்கே செல்லும் என்று வருந்துகின்றனர். அவிநாசிச் சாலையில் 2025ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பெற்றது. விரைவு கண்டு வியப்பார் உளர். நிழல் தந்த மரங்களை நினைந்து பெருமூச்சு விடுவாரும் உளர்.

இரு திறத்தார் சொல்லிலும் உண்மை உண்டு. பிழை எங்கு நேர்கின்றது எனின், ‘பழையது’ ‘புதியது’ என்னும் பெயர்களையே அளவுகோலாகக் கொள்ளும்போது நேர்கின்றது. கேட்கத்தக்க வினா வேறு: இழந்தால் மீட்க இயலாதது எது? சாலையை அகழ்ந்து மீண்டும் போடலாம். விளக்குக் கம்பத்தை மாற்றலாம். குளத்திற்கு நீர் வரும் வழியை மனையாக்கி விட்டால் அதனை மீட்பது அரிது. கல்வெட்டைத் தேய்த்து விட்டால் மீட்பது அறவே இயலாது.

உலகோர் கண்ட வழி

இவ்வினா நமக்கு மட்டும் உரியது அன்று. பிரான்சு நாட்டுப் பாரிஸ் நகரில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நோத்ருதாம் பேராலயத்தின் மேற்கூரை தீப்பற்றி எரிந்து, அதன் கூர்முடி சரிந்தது. புதுமுடியைக் காலத்திற்கேற்ற வடிவில் அமைக்கப் போட்டி நடத்தலாம் என்று அரசு கூறிற்று. கண்ணாடிக் கூரை வேண்டுவோரும் கூரைமேல் தோட்டம் வேண்டுவோரும் முன்வந்தனர், எதிர்த்தோரும் பலர். நெடிய விவாதத்தின்பின் 2020ஆம் ஆண்டில், எரிவதற்கு முன் இருந்த வடிவிலேயே எழுப்புவதென முடிவாயிற்று. தச்சர்கள் பழைய முறையில் கோடரியால் மரம் செதுக்கினர். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஆலயம் திறக்கப்பெற்றது.

ஜப்பான் நாட்டு ஈசே ஆலயத்தின் முறையோ வேறு. மரத்தால் ஆகிய அதனை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகின்றனர். 2013ஆம் ஆண்டில் அவ்வாறு கட்டினர். அங்கே பொருள் புதிது, வடிவும் தொழில்முறையும் பழையன. ஒவ்வொரு தலைமுறைத் தச்சனும் முன்னோன் கையிலிருந்து கற்றுக்கொள்வதற்கு அதுவே வழியாகின்றது.

நம் முன்னோர் கண்ட வழி இவ்விரண்டையும் தன்னுள் அடக்கியது. சீரணோத்தாரணம் என ஆகமம் கூறும் முறைப்படி, சிதைந்ததைச் செப்பனிடலாம். பாலாலயம் செய்து, திருப்பணி முடித்து, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்கின்றோம். சுதைச் சிற்பம் புதுப்பிக்கப்பெறும். மருந்து சாத்துதல் மீண்டும் நிகழும். கலசத்துத் தானியம் புதிதாய் நிரப்பப்பெறும். கருவறைக் கல்லோ தன் இடத்தில் நிற்கும். மாறுவதும் மாறாததும் எவை என்று வகுத்து வைத்த மரபு நம்முடையது.

கல் பேசும் மொழி

இனி, திருப்பணிக்குப் பொருள் வழங்கும் புரவலர்கள் சிந்தைக்கு ஒன்று உரியது. கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் காணப்பெறுவது யாது? சந்தி விளக்கு எரிக்க ஒருவர் பழஞ்சலாகை அச்சு என்னும் காசு வைத்தார். மற்றொருவர் அமுதுபடிக்கு நிலம் ஈந்தார். அவர்களுட் பெரும்பாலோர் அரசரல்லர், நம்மையொத்த குடிகளே. தம் உழைப்பின் பயனை இறைவனுக்கு அளித்து, சூரிய சந்திரர் உள்ளவரை இத்தருமம் நிலைக்கட்டும் என்று கல்லில் பொறித்துச் சென்றனர்.

அக்கல்லின்மேல் இன்று அன்பு மிகுதியால் மெருகேற்றிய பலகைக் கல்லைப் பதித்தால், அல்லது படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதற்காக மணலை விசையோடு வீசித் தூண்களைத் தேய்த்தால், அழிவது வெறுங்கல் அன்று. நமக்கு முன் வந்த ஒரு புரவலரின் பெயர். ஒருவர் கொடையை மறைத்து மற்றொருவர் கொடை நிற்பது அறமாகுமோ? மணல் வீச்சு முறையை அறநிலையத் துறை தடைசெய்திருப்பதன் காரணம் இதுவே. கண்மாளர் உரிமை கூறும் கருவூர்க் கல்வெட்டும் தேய்ந்து போயிருக்குமாயின், அம்மக்கள் பட்ட இடரையும் பெற்ற உரிமையையும் நாம் எவ்வாறு அறிந்திருப்போம்?

பேரூர்க் கனகசபையைக் கண்டோர் அறிவர். பதினேழாம் நூற்றாண்டில் அளகாத்திரி நாயக்கர் எழுப்பிய அம்மண்டபத்தில் ஊர்த்துவ தாண்டவரும், யானையுரி போர்த்த மூர்த்தியும், ஆலங்காட்டுக் காளியும் நம் நெஞ்சை ஈர்க்கும் நுட்பம் உளி முனையில் உள்ளது, பூச்சில் இல்லை. விதானத்துத் தாமரையும் கற்சங்கிலியும் வண்ணம் வேண்டி நிற்பனவல்ல.

சுண்ணாம்புக் காரையின் இயல்பையும் அறிதல் வேண்டும். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்துப் பக்குவம் செய்த பழங்காரை ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளியிடும். கட்டடத்தோடு இசைந்து சிறிது அசையும். சிமெண்டோ கடினமானது, ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பழஞ்சுவரின்மேல் அதனைப் பூசினால் சில ஆண்டுகளில் வெடிப்புத் தோன்றும். புதுக் கட்டடத்தில் சிமெண்டு நல்ல ஊழியன். பழங்கட்டடத்தில் அவனுக்கு வேலை இல்லை. அவனவனுக்குரிய இடத்தில் அவனவனை வைப்பதே அறிவுடைமை.

திருவரங்கத்தில் 2015ஆம் ஆண்டுக் குடமுழுக்கையொட்டி நடைபெற்ற திருப்பணி இதற்குச் சான்று. பின்னாளில் இடையூறாய் முளைத்தவற்றை அகற்றியும், மழைநீர் வடியும் பழைய வழிகளைச் சீர்செய்தும், அன்பர் பொருளுதவியோடு அப்பணி நிறைவேறிற்று. 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதற்கு விருதளித்தது. சேர்த்ததற்காக மட்டும் அன்று, நீக்கியதற்காகவும் பெற்ற சிறப்பு அது.

நாம் செய்யத்தக்கன

ஆகவே, திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுகள் அனைத்தையும் படி எடுத்து வைத்தல் வேண்டும். சுண்ணாம்பு இருந்த இடத்தில் சுண்ணாம்பையே கையாளுதல் வேண்டும். 1957ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற சிற்பப் பயிற்சி நிலையத்தின் வழிவந்தோரும், மரபுவழித் தபதியரும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் சொல்லுக்குச் செவி சாய்த்தல் வேண்டும். முதியோரும் நடக்க இயலாதோரும் வருவதற்குச் சாய்வுப் பாதையும், தூய குடிநீரும், கழிப்பறையும், அன்னதானக் கூடமும் கட்டாயம் வேண்டும். அவற்றைப் பழங்கல்லைத் தொடாது, புறமதிலுக்கு அப்பால், புதுமுறையிலேயே செம்மையாய் அமைக்கலாம். வெயிலுக்குத் தரை சுட்டால் கயிற்றுப்பாய் விரிக்கலாம்.

புரவலர்தம் பெயர் நிலைக்க வேண்டுமெனின், விளக்குத் தண்டிலும் மின்விசிறியிலும் எழுதுவதினும் நிலைத்த வழி உண்டு. தூர்ந்த தெப்பக்குளத்தின் நீர்வரத்தைத் திறந்து விடுவோர் பெயரை ஒவ்வொரு மழையும் கூறும். தேர்வீதியை அடைப்பின்றிக் காப்போர் பெயரை ஒவ்வொரு திருவிழாவும் கூறும்.

மாசித் தேர் புறப்படும் நாளில் கோவை மாநகரில் மின்கம்பிகள் விலகுகின்றன. ஊர்திகள் மாற்று வழி செல்கின்றன. எத்துணைப் புதுமை வந்தாலும் அன்னையின் தேருக்கு நகரம் வழிவிட்டே நிற்கின்றது. அவ்வழியை அடைக்காத புதுமை எதுவாயினும் வருக! அவ்வழியைக் காக்கும் பழைமை என்றும் நிலைக்க!

பட்டிப்பெருமான் திருவருளாலும் கோனியம்மை தண்ணருளாலும் நம் திருக்கோயிலும், நம் நகரும், நொய்யல் நீரும், திருப்பணிச் செல்வர்தம் குலமும் நீடு வாழ்க!