கப்பலேறிய ஊரின் ரவைக் கேக்

புதுச்சேரிக் கரையைப் பெரிய கப்பல்கள் நெருங்க முடியாது. அவை தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் பெட்டிகளும் சலங்கு என்ற படகில் ஏறி, அலை தாண்டிப் போய்ச் சேர வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அப்படிக் கிளம்பியவர்களில் பலருக்குப் போகுமிடம் பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோன்.

அந்தப் பயணங்களைப் பெருக்கியது ஓர் ஆணை. 1881 செப்டம்பர் 21 அன்று வெளியான அது, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க வழிவிட்டது. அப்படித் துறந்தவர்கள் ரெனோன்சான்கள். புதுக் குடும்பப் பெயர் பூண்ட அவர்களில் பலர் இந்தோசீனாவில் சுங்கம், தபால், காவல், வரி வசூல் என உத்தியோகம் பெற்றார்கள். சைகோனில் இன்றும் நிற்கும் மாரியம்மன் கோயில், அங்கே தமிழர்கள் வேரூன்றியதற்குச் சாட்சி.

படைக்குப் போனவர்களும் உண்டு. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜூலை 14 தோறும் அங்கே மரியாதை செலுத்துகிறார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை ஊர் 'சொல்தா' என்றே அழைக்கிறது. ஆக, பிள்ளையை அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது இங்கே பல தலைமுறைத் தாய்மாரின் வாழ்க்கையாக இருந்தது.

வெளியூர் போகிறவருக்குப் பலகாரம் கட்டிக்கொடுப்பது தமிழ் வீடுகளின் பொது வழக்கம். முறுக்கு, அதிரசம், பொரிவிளங்காய் உருண்டை என்று நாள்பட இருப்பவைதான் பெட்டிக்குள் போகும். புதுச்சேரிக் கிறிஸ்தவ வீடுகளில் அந்த வரிசையில் கேக்கும் உண்டு. விவிக்கம் என்றும் புதுச்சேரி கேக் என்றும் சொல்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு உரியது என்றாலும், அதன் பக்குவம் பயணத்துக்கும் பொருந்துவது.

இதில் மைதாவின் இடத்தில் ரவை. வறுத்த ரவையை வெண்ணெயில் குழைத்து ஊறவிடுவார்கள். ரவை நெய்ப்பை உள்வாங்கி மிருதுவாகும். முட்டையின் மஞ்சளைச் சர்க்கரையோடு அடித்து, வெள்ளையைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்ப்பார்கள். கேக் எழும்ப அந்த நுரை உதவும். முந்திரி, ரம்மில் ஊறிய உலர்திராட்சை, சர்க்கரைப் பாகேறிய ஆரஞ்சுத் தோல், ஜாதிக்காய், ஏலம் ஆகியவற்றின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சை எளிதில் ஏறாது, ரம்மும் காவல். அதனால் இந்தக் கேக் வாரக்கணக்கில் கெடாது. கப்பல் வழியில் இருந்த கொழும்பின் லவ் கேக்கும் ரவையும் முந்திரியும் கொண்டு செய்வதே.

வீட்டில் ஓவன் இல்லாத காலத்தில் கேக் சுடுவது லேசான வேலை அல்ல. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அதற்கு ஒரு வழி இருந்தது: அடுப்பில் மணல் பரப்பிய சட்டியை வைத்து, அதனுள் கேக் தட்டை இறக்கி, மூடியின் மேல் தணல் கொட்டுவார்கள். கீழும் மேலும் சூடு ஒரே சீராக இருக்க யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அந்த உழைப்புதான் ஆறுதலாகவும் இருந்தது. முட்டை அடிக்க ஒருவர், முந்திரி நறுக்க ஒருவர், தணல் பார்க்க ஒருவர் என்று வீடு கூடும். மகன் போன வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கண் வாசலுக்கே போகும். கைக்கு வேலை இருந்தால், அவனுக்கு எது பிடிக்கும், திராட்சையை எப்படிப் பொறுக்கித் தின்பான் என்று பேச்சு வரும். அழுகையும் சிரிப்பும் மாவோடு சேரும்.

போனவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிந்து ஊர் வந்த குடும்பங்கள் நெம் என்ற வியட்நாம் சுருளைப் புதுச்சேரி விருந்துக்குக் கொண்டுவந்தன. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு முழுமை பெற்றது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோருக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அப்படித் தேர்ந்த குடும்பங்களிலிருந்து பலர் பிரான்சுக்குப் போய்க் குடியேறினார்கள். கப்பலின் இடத்துக்கு விமானம் வந்தது. பெட்டிக்குள் பலகாரம் வைப்பது மட்டும் நிற்கவில்லை.

இந்தச் சமையலைக் குறித்து வைத்தவர்களில் முக்கியமானவர் லூர்து திருவாஞ்சியம் லூயி. 'தி பாண்டிச்சேரி கிச்சன்' என்ற அவருடைய நூல் வீட்டு அடுப்படிகளின் முறைகளை அச்சுக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஒரே நூலில் எல்லா வீட்டுக் கைப்பக்குவமும் அடங்காது. பாட்டிகள் பலரிடம் அளவு கண்ணிலும் கையிலும்தான் இருக்கிறது. இந்த டிசம்பரில் அவர்கள் ரவை வறுக்கும்போது பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று அளந்து எழுதிக்கொண்டால், பாரிஸில் இருக்கும் பேத்திக்கும் அதே கேக் கைவரும்.