கட்சியின் விதிகளும் மக்களின் ஆட்சியும்

நாட்டின் அரசியல் சட்டத்தைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால், அச்சட்டத்தின்படி ஆட்சி நடத்த முன்வரும் கட்சிகள் தமக்கென வகுத்துக்கொள்ளும் சட்டதிட்டங்களைப் பற்றி நாம் பெரும்பாலும் சிந்திப்பதில்லை. அங்கத்தினர் ஆகத்தக்கவர் யார், தலைவரைத் தேர்ந்தெடுப்பவர் யார், காரியக் கமிட்டியை அமைப்பவர் யார் என்பவற்றைக் கூறும் சில வரிகளே ஒரு கட்சியின் இயல்பை நிர்ணயித்துவிடுகின்றன. ஜனநாயகத்தைப் புதிதாக மேற்கொண்ட நாடுகளில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். இதற்கு நம் நாட்டுக் காங்கிரஸ் மகாசபையின் வரலாறு தக்க சான்றாகும்.

1885-ஆம் ஆண்டில் பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் தோன்றிய காங்கிரஸ், தொடக்க காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கலையும் மாநாடாகவே விளங்கியது. 1907-இல் சூரத் மாநாடு குழப்பத்தில் முடிந்தது. மறு ஆண்டில் மிதவாதிகள் அலகாபாத்தில் கூடிப் புதிய விதிகளை இயற்றினர். தங்கள் கொள்கையை எழுத்து மூலம் ஏற்பவரே பிரதிநிதி ஆகலாம் என்றனர். பிரதிநிதிகளை அனுப்பும் உரிமையையும் சில சபைகளுக்கே அளித்தனர். இதனால் திலகரைச் சார்ந்தோர் பல்லாண்டுகள் வெளியே நிற்க நேர்ந்தது. 1915-இல் பிரதிநிதித் தேர்தல் விதி தளர்த்தப்பட்ட பின்னரே, 1916-இல் லக்னோ மாநாட்டில் இரு பிரிவினரும் ஒன்றுகூடினர். ஒரு விதி கதவை அடைத்தது. அவ்விதியின் திருத்தமே கதவைத் திறந்தது.

1920-இல் சேலம் விஜயராகவாச்சாரியாரின் தலைமையில் நாகபுரியில் மாநாடு கூடியது. காந்தியடிகள் முன்னின்று வகுத்த புதிய அமைப்புச் சட்டம் அங்கே நிறைவேறியது. ஆண்டுக்கு நாலணா சந்தா செலுத்துபவர் எவரும் அங்கத்தினர் ஆகலாம்; ஜனத்தொகையில் 50,000 பேருக்கு ஒருவர் வீதம் பிரதிநிதிகள் வரவேண்டும்; ஆண்டு முழுவதும் பணியாற்ற 15 பேர் கொண்ட காரியக் கமிட்டி இருக்கவேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள். மாகாணக் கமிட்டிகள் மொழிவாரியாக அமைந்தன. அதுகாறும் ஆங்கிலம் கற்றோரின் அவையாக இருந்த காங்கிரஸில், உழவரும் நெசவாளரும் தம் தாய்மொழியில் பேசி உரிமையுடன் பங்குகொள்ள வழி பிறந்தது. சொற்பொழிவுகளால் மட்டுமன்றி, இவ்விதிகளாலும் காங்கிரஸ் மக்கள் இயக்கமாயிற்று.

எனினும், விதிகள் தீர்க்காது விட்ட வினா ஒன்றுண்டு. தலைவரைப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்தனர். காரியக் கமிட்டியையோ தலைவர் நியமித்தார். இவ்விரு அதிகாரங்களும் மோதினால் யாது செய்வது? 1939-இல் சுபாஷ் சந்திர போஸ் இருநூறுக்கு மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் பட்டாபி சீதாராமையாவை வென்றார். ஆயின், காந்தியடிகளின் விருப்பத்திற்கு இசையவே காரியக் கமிட்டியை அமைக்க வேண்டுமென்று திரிபுரி மாநாடு தீர்மானித்தது. தேர்தலில் பெற்ற பதவியைச் செயலாற்ற இயலாத நிலையில் போஸ் ராஜினாமாச் செய்தார்.

சுதந்திரத்திற்குப் பின் அதே வினா வேறு வடிவில் எழுந்தது. 1950-இல் புருஷோத்தமதாஸ் டாண்டன் தேர்தலில் வென்று தலைவரானார். காரியக் கமிட்டியை மாற்றியமைக்க வேண்டுமென்றார் பிரதமர் நேரு. அது தலைவரின் உரிமை என்றார் டாண்டன். 1951 செப்டம்பரில் டாண்டன் விலகினார். நேருவே கட்சித் தலைமையையும் ஏற்றார். இதற்கிடையே 1948-இல், தனி அங்கத்தினரும் தனிச் சட்டமும் கொண்ட குழுக்கள் காங்கிரஸுக்குள் இயங்கலாகாது என்று ஒரு விதி வந்தது. அதன் விளைவாகச் சோஷலிஸ்டுகள் வெளியேறித் தனிக் கட்சியாயினர். பல கருத்தினருக்கும் இடமளித்த இயக்கம், கட்டுப்பாடுள்ள கட்சியாக மாறியது.

விதிகள் இருந்தும் நடைமுறையில் இல்லாத காலமும் வந்தது. 1972-க்குப் பின் இருபது ஆண்டுகள் ஸ்தாபனத் தேர்தலே நடைபெறவில்லை. 1992-இல் திருப்பதியில் காரியக் கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது. தாழ்த்தப்பட்டோரும் பெண்களும் வெற்றி பெறவில்லை என்னும் காரணங்காட்டி, வென்றவர்கள் விலகுமாறு செய்யப்பட்டு, கமிட்டி மீண்டும் அமைக்கப்பட்டது. 2022-இல் தலைவர் பதவிக்குப் போட்டித் தேர்தல் நடந்தது. மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். ஆயினும் 2023-இல் ராய்ப்பூரில், காரியக் கமிட்டியை அமைக்கும் பொறுப்பு தலைவரிடமே விடப்பட்டது. நூறாண்டு கடந்தும் அப்பழைய வினா தீரவில்லை.

இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய செய்தியன்று. வாக்காளர் முத்திரையிடுவதற்கோ பொத்தானை அழுத்துவதற்கோ முன்பே, வேட்பாளர் யார் என்பதைக் கட்சி முடிவு செய்துவிடுகிறது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமோ, சட்டசபையில் கட்சியின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவி இழக்கக்கூடும் என்கிறது. அக்கட்டளையைப் பிறப்பிப்பவர் எவ்வாறு அப்பதவிக்கு வந்தார் என்று கேட்க, ஆதலால், நமக்கு முழு உரிமையுண்டு. ஜெர்மனியின் அரசியல் சட்டம், கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக நெறிகளுக்கு இசைந்திருத்தல் வேண்டுமெனத் தன் 21-ஆம் பிரிவில் வெளிப்படையாகவே விதித்துள்ளது. நம் அரசியல் சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை. ஆகவே அப்பொறுப்பு கட்சித் தொண்டரிடமும், வாக்காளராகிய நம்மிடமும் உள்ளது. நாலணா செலுத்திய எளியவருக்கு 1920-இல் கிடைத்த குரல், கட்சிக்குள் ஒலிக்குமளவுக்கே நாட்டின் ஜனநாயகமும் உயிர்ப்புடன் விளங்கும்.